மேடைத் திரைக்குக் கூலி

பேபிக்கு இரங்கல் கூட்டம் வைத்தார்கள். அவள் படித்த கல்லூரியின் அரங்கில்தான். வாசலில் படம், ரோஜா மாலை, ஊதுவத்தி. தாளாளர் சண்முகசுந்தரம் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இந்தப் பொண்ணு எங்க அறக்கட்டளை பெத்த பொண்ணு. நாங்க குடுத்த ஸ்காலர்ஷிப்ல படிச்சு பேங்க் ஆபீசரா வந்தவங்க. கடைசி வரைக்கும் நன்றி மறக்காதவங்க" என்றார். பிறகு கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். ஈரம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அறக்கட்டளையின் வைப்புத்தொகை முழுவதும் அம்பத்தூரில் பேபி வேலை பார்த்த கிளையில் இருந்தது. அது தெரிந்தவர்களுக்கு அந்தக் கைக்குட்டை ஏன் வெளியே வந்தது என்பதும் தெரிந்திருக்கும்.

கூட்டம் முடிந்ததும் கல்லூரி மலருக்காக அவளைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டார்கள். நான் அவளோடு படித்தவள், கடைசி வரை கூட இருந்தவள் என்பதால் என்னிடம் கேட்டார்கள். "நல்லதா நாலு வார்த்தை" என்று ஒரு பேராசிரியர் சொல்லிவிட்டுப் போனார். மூளைக் காய்ச்சலில் ஒரே வாரத்தில் போய்விட்டவளைப் பற்றிக் கெட்டதாக எழுத யாருக்கு மனம் வரும்? அவளைப் பற்றி நல்லதாகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை.

பேபி என்பது செல்லப் பெயர் இல்லை. பள்ளிச் சான்றிதழிலும் அதுதான் பெயர். அப்பா லட்சுமணன் குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்து ஆவடியில் ராணுவத்துக்கு உடுப்புத் தைக்கும் ஃபாக்டரியில் டெய்லராகச் சேர்ந்தவர். அம்மா பார்வதம். ஒரே மகள். குவார்ட்டர்ஸில் ஒரு அறை, ஒரு சமையலறை, ஜன்னல் ஓரத்தில் லட்சுமணனின் சொந்தத் தையல் மெஷின். ஃபாக்டரியில் நாளெல்லாம் தைத்துவிட்டு வந்து வீட்டிலும் தைப்பார். பேச்சு மட்டும் வராது. "ம்" என்பார். ரொம்பப் பேசினால் "சரி" என்பார்.

சென்னீர்குப்பத்துக்கு அந்தப் பக்கம், ஹைரோட்டின் ஓரத்தில் இருந்தது எங்கள் கல்லூரி. அவள் ஆவடியிலிருந்து பஸ் பிடித்து வருவாள். நான் ரோஷன் பேகம். பூந்தமல்லி பஜாரில் மெத்தைக் கடை வைத்திருந்த பஷீர் அகமதுவின் மகள். வழியில் ஏறிக்கொள்வேன். இருவரும் பி.காம். 1987இல் சேர்ந்தோம். என் கட்டணத்தை அத்தா கட்டினார். அவளுடையதை அறக்கட்டளை கட்டியது.

அறக்கட்டளை உதவி என்றால் சும்மா இல்லை. வருடத் தொடக்கத்தில் மேடையில் ஏறிக் குனிந்து கவரை வாங்க வேண்டும். குனிவது போதாது என்று போட்டோக்காரர் சொன்னால் மறுபடியும் குனிய வேண்டும். விழாக்களுக்கு நாற்காலி போட வேண்டும். தாளாளர் மகள் கல்யாணத்தில் உதவி பெறும் மாணவர்கள்தான் பந்தி பரிமாறினார்கள். "பசங்க ஆசையா வந்து செய்றாங்க" என்று சம்பந்தியிடம் தாளாளர் சொன்னதை, சாம்பார் வாளியோடு பக்கத்தில் நின்ற பேபி கேட்டாள்.

உதவி பெறுகிறவர்கள் எல்லோரும் ஒரு விதித்தாளில் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு பக்கமும் அச்சடித்த தாள். முன்பக்கத்தில் மாணவர் செய்ய வேண்டியவை இருந்தன. முக்கால் பங்கு நாளாவது வகுப்புக்கு வர வேண்டும், எந்தப் பாடத்திலும் தவறக் கூடாது, வேறு இடத்தில் உதவி வாங்கக் கூடாது, குடும்ப வருமானம் வரம்பைத் தாண்டினால் உடனே தெரிவிக்க வேண்டும். பின்பக்கத்தில் மாணவருக்கு உள்ளவை. ஒரு கல்வியாண்டுக்கென்று கொடுத்த உதவியை, மாணவர் பொய் சொல்லி வாங்கியிருந்தாலொழிய, திரும்பக் கேட்கக் கூடாது. நிறுத்துவதாக இருந்தால் அவரைக் கூப்பிட்டு அவர் பக்கத்தைக் கேட்க வேண்டும். அந்தப் பின்பக்கம் ஆடிட்டர் சொல்லி அச்சடித்தது. வருமான வரி விலக்குக்கு அப்படி ஒரு பக்கம் தேவைப்பட்டது. அதை யாராவது படிப்பார்கள் என்று அறக்கட்டளை கனவிலும் நினைக்கவில்லை. பேபி படித்தாள். கையெழுத்துப் போடுவதற்கு முன் படித்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் அவளுக்கு இருந்தது.

இங்கே குவார்ட்டர்ஸ் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஃபாக்டரியில் ஓ.டி. என்கிற மிகைநேர வேலை வருடக் கடைசியில் குவியும். மார்ச்சுக்குள் கணக்கை முடிக்க வேண்டும் என்று ஜனவரியிலிருந்தே விரட்டித் தைக்கச் சொல்வார்கள். அந்த மாதங்களில் சம்பளம் ஏறக்குறைய இரண்டு பங்காகும். மே மாதத்தில் ஓ.டி. என்ற பேச்சே இருக்காது. அதனால் பிள்ளைகளின் உதவித்தொகைக்குச் சம்பளச் சீட்டு வைக்க வேண்டுமென்றால் குவார்ட்டர்ஸ் முழுவதும் மே மாதச் சீட்டைத்தான் வைக்கும். தாசில்தார் ஆபீசிலும் அதைப் பார்த்துத்தான் சான்றிதழ் கொடுப்பார்கள். சீட்டில் இருப்பது பொய் இல்லை. மாதத்தைத் தேர்ந்தெடுத்ததுதான் பொய். யாருக்கும் அது உறுத்தியதில்லை. கோயிலுக்குப் போகுமுன் குளிப்பதைப் போல அது ஒரு நடைமுறை. லட்சுமணனும் மே மாதச் சீட்டைத்தான் வைத்தார்.

இரண்டாம் வருடம், 1989 தொடக்கத்தில், குளிர் பிரதேசச் சிப்பாய்களுக்கான கோட்டு ஆர்டர் ஒன்று வந்தது. ஆவடியில் வியர்க்க வியர்க்க உட்கார்ந்து பனிக்கோட்டுத் தைத்தார்கள். லட்சுமணனுக்கு அந்த வருடம் வந்த ஓ.டி., அதுவரை இல்லாத அளவு. பேபி கூட்டிப் பார்த்தாள். வருமானம் வரம்பைத் தாண்டியிருந்தது.

பிப்ரவரிச் சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் புறப்பட்டாள். விஷயம் தெரிந்ததும் பக்கத்து வீட்டு அங்கம்மா பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தாள். அங்கம்மாவின் மகனும் அதே அறக்கட்டளை உதவியில் படித்துக்கொண்டிருந்தான்.

"இன்னாடி பேபி, புத்தி கித்தி கீதா உனுக்கு? யாராச்சும் கேட்டாங்களா? நீயா போயி சொல்லிகினு!"

"கேக்கலன்னாலும் சொல்லணும்னுதான் கீதுக்கா. கையெழுத்துப் போட்டுக்கினேனே."

"ஊர்ல அல்லாருந்தான் போட்டானுங்கோ. எவன் படிச்சான்? உங்கப்பன் ஊசிய ஓட்டி ஓட்டிக் கண்ணு பூட்ச்சு. அந்த ஓ.டி. துட்டுல உனுக்குக் கல்யாணம் பண்ணுவானா, காலேஜுக்கு அழுவானா?"

"அடுத்த வருசம் நானே டியூஷன் எடுத்து ஃபீஸ் கட்டிக்கிறேங்க்கா. உன் பையனுக்கு வேணா கணக்கு சொல்லித் தரேன், குடு."

"என் பையனுக்கு நீ ஒண்ணும் சொல்லித் தராத. இந்தப் புத்தி அவனுக்கும் ஒட்டிக்கப் போவுது."

தாளாளர் சீட்டை வாங்கிப் பார்த்தார். மறுநாள் காலை பிரார்த்தனைக் கூட்டத்தில் பேபியை முன்னால் வரச் சொல்லி, நேர்மையைப் பற்றி நீளமாகப் பேசினார். "இந்த மாதிரி ஒரு மாணவி நம்ம கல்லூரியில இருக்கிறது எனக்குப் பெருமை" என்றார். நாங்கள் கை தட்டினோம். அன்று மாலையே அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டப்பட்டது. பேபியின் உதவி ரத்து. நடப்பு வருடத்துக்கு அறக்கட்டளை கட்டிய முழுக் கட்டணத்தையும் திருப்பிக் கட்ட வேண்டும். கட்டினால்தான் ஏப்ரல் பரீட்சைக்கு ஹால் டிக்கெட். காலியான இடம் கங்காதரனுக்கு.

கங்காதரன் எங்கள் வகுப்புதான். திருவேற்காட்டுப் பக்கம் அவர்களுக்கு ரைஸ் மில் இருந்தது. அவன் அப்பா தாளாளருக்கு ஒன்றுவிட்ட மைத்துனர். அவனுடைய வருமானச் சான்றிதழில் அப்பாவின் தொழில் விவசாயக் கூலி. அந்தக் கூலிக்காரரின் மகன் புல்லட்டில் வந்து இறங்குவான்.

மறுநாள் பேபி தாளாளர் அறைக்குப் போனாள். நானும் போனேன். பியூன் துலுக்கானம் கதவைத் திறந்துவிட்டு, "உஷாரும்மா, ஐயா சூடா கீறாரு" என்று காதோரம் சொன்னார்.

"அடுத்த வருஷம் எனக்கு வேண்டாம் சார். வரம்பு தாண்டிடுச்சு, அது சரிதான்" என்றாள் பேபி. "ஆனா இந்த வருஷத்துக்குக் குடுத்தத திருப்பிக் கேக்கக் கூடாதுன்னு பின்பக்கத்துல போட்டிருக்கு சார். நிறுத்துறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிட்டுக் கேக்கணும்னும் போட்டிருக்கு."

"எந்தப் பின்பக்கம்?"

பேபி காட்டினாள். அவர் அதை அன்றுதான் முதல்முறை பார்க்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்சம் படித்தார். கழற்றினார்.

"ஏம்மா, தர்மம் வாங்குறவ சட்டம் பேசலாமா?"

"முன்பக்கமும் இதே தாள்தான் சார். அதுக்கு நேத்து கைதட்டச் சொன்னீங்க."

"நேத்துதானே உன்னைப் பாராட்டினேன்? அதுக்குள்ள இவ்ளோ திமிரா? போ. பணத்தைக் கட்டு, இல்ல உங்கப்பாவை வரச் சொல்லு."

பேபி வீட்டில் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்துக்கு எழுதுவதாக இருந்தாள். ஆனால் அங்கம்மாவின் மகன் வழியாகச் செய்தி லட்சுமணனுக்குப் போய்விட்டது. அவர் அரை நாள் லீவு போட்டு, வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு, தாளாளர் அறை வாசலில் கைகட்டி நின்றார். வெகுநேரம் நிற்க வைத்த பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். டெய்லர் என்று தெரிந்ததும் தாளாளருக்கு இரக்கம் பொத்துக்கொண்டு வந்தது. ஆண்டு விழா வருகிறது. அரங்கின் மேடைத் திரை கிழிந்து கிடக்கிறது. கருஞ்சிவப்பு வெல்வெட் வாங்கி வைத்தாயிற்று. "கூலின்னு பாக்காம நம்ம காலேஜ்னு நெனச்சு தைச்சுக் குடுங்க. ஹால் டிக்கெட்டப் பத்தி நான் யோசிக்கிறேன்."

லட்சுமணன் "சரி" என்றார்.

துணி வேனில் குவார்ட்டர்ஸுக்கு வந்து இறங்கியது. அந்த வீட்டில் அதை விரிக்க இடமில்லை. பார்வதம் அடுப்பு இருக்கும் இடம் தவிர எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தார். கட்டில் வெளியே, பாத்திரம் வெளியே, உள்ளே வெல்வெட். ஷிஃப்ட் முடிந்து வந்து லட்சுமணன் தைத்தார். மடிப்பு வைத்து, மேலே கெட்டித் துணிப் பட்டி கொடுத்து, வளையம் கோத்து. பேபி கேட்டபோது, "ஒரு வேலை வந்துச்சு" என்றார். அவள் வளையத்தை எண்ணுவதைப் போல நின்று பார்த்தாள். இவ்வளவு பெரிய திரை மாட்ட ஆவடியில் எந்த வீட்டு ஜன்னல் இருக்கிறது?

"காலேஜுக்காப்பா?"

"ம்."

"கூலி?"

அவர் மெஷினை மிதித்தார்.

விழாவுக்கு முந்தின நாள் பகலில் பேபி என்னை வீட்டுக்கு வரச் சொன்னாள். லட்சுமணன் ஃபாக்டரிக்குப் போயிருந்தார். தைத்து முடித்த திரை மடித்து வைத்திருந்தது. என் கையில் ஒரு பழைய பிளேடைக் கொடுத்தாள்.

"புடி. அந்தக் கோடியில இருந்து நீ பிரி."

"லூசாடி நீ?"

"துணி அவங்களது, அதுல ஒரு நூலு கிழியக் கூடாது. தையலு எங்க அப்பாவுது. அத்த மட்டும் எடுத்துக்கலாம்."

பார்வதம் வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். "உங்கப்பன் மூஞ்சில எப்டிடி முழிப்ப?" பேபி அடுத்த மடிப்பில் பிளேடை வைத்தாள். லட்சுமணன் வைத்த தையல் சுலபத்தில் வரவில்லை. ராணுவத் தையல். என் விரலில் இரண்டு இடத்தில் ரத்தம் வந்தது. மாலைக்குள் வெல்வெட் கடையில் வாங்கின மாதிரி தனித்தனியாகக் கிடந்தது. வளையங்களை ஒரு பையில் போட்டுக் கட்டினாள்.

திரையை எடுத்துப் போக வேனோடு வந்த துலுக்கானம் வாயைப் பிளந்தார். "இன்னாம்மா இது, ஐயா என்னியத்தான் பிரிச்சிப் போடுவாரு." வேன் காலியாகத் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் தாளாளரின் அம்பாசடர் வந்து நின்றது. அதற்குள் லட்சுமணனும் ஷிஃப்ட் முடிந்து வந்திருந்தார். பிரிந்து கிடந்த துணியைப் பார்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கட்டில் இன்னும் வெளியேதான் இருந்தது.

குவார்ட்டர்ஸே கூடிவிட்டது.

"நாளைக்குக் கலெக்டர் வர்றார்! என்ன வேலை பண்ணி வச்சிருக்க?" என்று தாளாளர் கத்தினார்.

"உங்க துணி அப்படியே இருக்கு சார். அளந்து எடுத்துக்கங்க" என்றாள் பேபி.

"உங்க யோக்கியதை எனக்குத் தெரியாதா? மே மாசச் சீட்டுக் கதை தெரியாதா? தாசில்தாருக்கு ஒரு லெட்டர் போட்டேன்னா, இந்த லைன்ல ஒரு பய படிக்க முடியாது!"

கூடியிருந்த எல்லோரும் பேபியின் மேல் பாய்ந்தார்கள். முதல் குரல் அங்கம்மாவுடையது.

"அடிப்பாவி, உன் ஒருத்தி வீம்புக்கு எம்மாம் ஊடு அழியணும்? கால்ல வுழுடி! ஐயா, இவுளுக்குப் புத்தி பிசகிப் போச்சு, எங்கள ஒண்ணும் பண்ணிடாதீங்க!"

நேற்று வரை இவளுடைய அப்பாவிடம் கிழிந்த சட்டையைக் காசில்லாமல் தைத்துக்கொண்டவர்கள்தான் எல்லோரும். ஒருவர் "திமிர் பிடிச்சது" என்றார். ஒருவர் "லட்சுமணா, பொண்ணை அடக்கு" என்றார். அத்தனை பேரிலும் ஒருவருக்குக்கூடத் தாளாளரைப் பார்த்து ஒரு வார்த்தை வரவில்லை.

பேபி அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. "லெட்டர் போடுங்க சார்" என்றாள். "தாசில்தார் வந்தா ஆவடிக்கு மட்டும் வந்துட்டுப் போவாரா? உங்க ஸ்காலர்ஷிப் வாங்குறவங்க ஊடு எல்லாத்தையும் பாப்பாரு. கங்காதரன் ஊட்டு ரைஸ் மில்லயும் பாப்பாரு. கூலி வேலை செய்றவருக்கு எப்டி மில்லு வந்துச்சுன்னு கேப்பாரு. நானே கூட்டிக்கினு போய்க் காட்டுறேன்."

தாளாளர் லட்சுமணனைப் பார்த்து, குரலைத் தணித்து, "நீங்க பெரியவரு. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள தைச்சுடுங்க" என்றார்.

லட்சுமணன் கட்டிலை விட்டு எழுந்தார். "எம் பொண்ணக் கேளுங்க" என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு நீளமான வாக்கியத்தை நான் அன்றுதான் கேட்டேன்.

"ஹால் டிக்கெட்" என்றாள் பேபி. "அப்புறம் தையல் கூலி. பூந்தமல்லி ஷாமியானாக் கடையில என்ன வாங்குறாங்களோ அதுதான், அதுக்கு மேல ஒரு பைசா வேணாம்."

கார் போய்விட்டது. அங்கம்மா மண்ணை வாரித் தூற்றினாள். இருட்டிய பிறகு துலுக்கானம் சைக்கிளில் வந்தார். ஒரு கவரில் ஹால் டிக்கெட், இன்னொன்றில் கூலி. பேபி ஹால் டிக்கெட்டில் தன் பெயரையும் எண்ணையும் சரிபார்த்தாள். கூலிக்கு ஒரு தாளில் ரசீது எழுதி, அப்பாவிடம் கையெழுத்து வாங்கி, துலுக்கானத்திடம் கொடுத்தாள். "ஐயா ரசீது கேக்கலயேம்மா" என்றார் அவர். "பணம் குடுத்தா ரசீது வாங்கணும்ண்ணா. வச்சுக்கங்க." லட்சுமணன் விடிய விடியத் தைக்க மெஷினில் உட்கார்ந்தார். பார்வதம் பிரித்த நூலைக் கூட்டிப் பெருக்கினார்.

மறுநாள் விழா. திரை தொங்கியது. அழகாகத்தான் இருந்தது. கலெக்டர் வரவில்லை, வேறு யாரோ அதிகாரி வந்தார். மாணவிகள் வரிசையில் நானும் பேபியும் உட்கார்ந்திருந்தோம். திரை விலகியது. தாளாளர் ஆண்டறிக்கை படித்தார், தர்மத்தைப் பற்றிப் பேசினார், பிறகு வாய் சும்மா இருக்காமல் திரையைக் கையால் காட்டினார்.

"இந்தத் திரையைப் பாருங்க. நம்ம அறக்கட்டளை உதவியில படிக்கிற ஒரு பொண்ணோட தகப்பனார், ஏழைத் தையல்காரர், நன்றிக் கடனா நினைச்சு, ஒரு பைசா கூலி வாங்காம தைச்சுக் குடுத்தது!"

அரங்கம் கை தட்டியது. அதிகாரி தலையை ஆட்டி ரசித்தார்.

பேபி எழுந்து நின்றாள். நான் அவள் தாவணியைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை.

"சார், கூலி வாங்கிட்டோம் சார்!"

கைதட்டல் நின்றது.

"நேத்து துலுக்கானம் அண்ணன் கையிலதான் குடுத்தனுப்பினீங்க. மறந்துட்டீங்களா?"

எல்லாத் தலைகளும் மேடை ஓரத்துக்குத் திரும்பின. அங்கே திரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு துலுக்கானம் நின்றிருந்தார். முதலாளியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். வெள்ளந்தியான மனிதர்.

"ஆமா சார்" என்றார். "நான்தான் குட்தேன். ரசீதுகூட கீது சார்."

பின்வரிசைகளிலிருந்து விசில் கிளம்பியது. சிரிப்பு முன்வரிசை வரைக்கும் வந்தது. அதிகாரியே கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். தாளாளர் மைக்கிலேயே, "திரைய இழுடா!" என்று கத்தினார். துலுக்கானம் இழுத்தார். லட்சுமணனின் தையல், ஒரு வளையம்கூடச் சிக்காமல் வழுக்கிக்கொண்டு வந்து, தாளாளரையும் அவருடைய மைக்கையும் சேர்த்து மூடியது.

பேபி சிரிக்கவில்லை. பையைத் தோளில் மாட்டினாள்.

"போலாமாடி? இத்த வுட்டா அடுத்த பஸ்ஸு லேட்டாவும். பரீட்சைக்கு வேற படிக்கணும்."